டன் கணக்கு போதாது, உயரத்தையும் சொல்லுங்கள்

போர் உத்தி விளையாட்டுகளில், முற்றுகையில் சிக்கிய படைக்கு விமானத்திலிருந்து பொருள் போடும் கட்டம் ஒன்று வரும். தாழப் பறந்தால் பொதி குறி தவறாது, ஆனால் விமானம் சுடப்படலாம். உயரப் பறந்தால் விமானம் தப்பும், பொதி எங்கோ விழும். விளையாடும் பிள்ளைகளுக்கு அது புள்ளிக் கணக்கு. பரிஸ் லாச்சப்பலில், ரூ பஜோலிலும் சுற்றுத் தெருக்களிலும் கூடும் யாழ்ப்பாணத்தவரில் மூத்த தலைமுறைக்கோ அது 1987 ஜூன் 4 அன்று ஊரின் வானத்தில் நடந்த சம்பவம். ஆபத்தை விமானி சுமப்பதா, கீழே பசியோடு நிற்பவர் சுமப்பதா என்பதை இந்த உயரமே தீர்மானிக்கிறது.

பாரசூட்டில் பொதி நொடிக்கு 7 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 300 மீட்டரில் விட்டால் முக்கால் நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று அதை 200 மீட்டர் சொச்சம் தள்ளும். 3,000 மீட்டரில் விட்டால் ஏழு நிமிடம் காற்றோடு அலைந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் விழும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த 2 கிலோமீட்டருக்குள் கடல்நீரேரி இருக்கலாம், இராணுவ முகாமும் இருக்கலாம். 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் முற்றுகைக்குள் சிக்கிய பிரெஞ்சுப் படை பட்ட பாடு இதுதான். வியட்மின்னின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளால் விமானங்கள் மேலேறின. காவல் வட்டம் நாளுக்கு நாள் சுருங்கியது. பீரங்கிக் குண்டுகள் உட்படப் போட்டதில் ஒரு பங்கு எதிரியிடமே போய்ச் சேர்ந்தது. மே 7இல் தியன் பியன் பூ வீழ்ந்தது.

1987இல் யாழ்ப்பாணத்துக்கு இந்தியா விமானத்தில் நிவாரணம் போட்ட ஆபரேஷன் பூமாலையில் நிலைமை வேறு. ஜூன் 3 அன்று இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து ஏறத்தாழ 25 டன் பொருளைப் போட்டன. தடுத்தால் பதிலடி கிடைக்கும் என்று டில்லி முன்கூட்டியே இலங்கைத் தூதரிடம் சொல்லியிருந்தது; யாரும் சுடவில்லை. விமானங்கள் தாழ இறங்க வழிவிட்டது அந்த எச்சரிக்கைதான். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு 25 டன் என்றால் தலைக்கு 40 கிராம்கூட வராது, அது வெறும் அடையாளம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வானத்தைத் திறக்க வைத்த அழுத்தத்தால் கடலையும் திறக்க வைக்க முடிந்தது. அதன்பின் நிவாரணம் கப்பலில் வந்தது.

உயரத்திலிருந்தும் குறி தவறாமல் போடலாமே என்பது அடுத்த மறுப்பு. சிரியாவின் டெய்ர் எஸ்-ஸோரில் 2016 பிப்ரவரியில் உலக உணவுத் திட்டத்தின் முதல் முயற்சி குறி தவறியது. ஏப்ரல் முதல் மிக உயரத்திலிருந்தே வெற்றிகரமாகப் போட்டார்கள். வேறு வழியே இல்லாத ஊருக்கு அது உயிர் காத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்ந்த குழுவும், நீண்ட தயாரிப்பும், கீழே பொருளைப் பொறுக்கிப் பங்கிட ஆட்களும் அதற்கு வேண்டியிருந்தன. ஆபத்தும் நீங்குவதில்லை: 2024 மார்ச்சில் காசாவில் பாரசூட் விரியாமல் விழுந்த பொதி ஐந்து பேரைக் கொன்றதாக அங்குள்ள அதிகாரிகள் சொன்னார்கள். பெருந்தொகையானோர் நெருக்கமாக நின்ற இடம் அது. லொறிகள் எல்லையில் காத்துக் கிடந்த நேரம்.

விமானத்தில் இத்தனை டன் போட்டோம் என்று எந்த அரசு அறிவித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த உயரத்திலிருந்து போட்டீர்கள், மக்கள் கைக்கு எவ்வளவு வந்தது, தரைவழியை ஏன் திறக்கவில்லை?