வர்க்கமூலமும் விவேகமும்

கணக்கிடும் யந்திரம் ஒவ்வொரு மாணவனுடைய கைக்கும் எட்டிவிட்ட இக்காலத்தில், வர்க்கமூலத்தைத் தாளிலும் மனத்திலும் மதிப்பிடும் பயிற்சி எதற்கு என்று வினவுவோர் பலர். அப்பயிற்சி விடையைப் பெறுவதற்கு மட்டுமன்றி, பெற்ற விடையில் எவ்வளவு பிழை தங்கியுள்ளது என்பதை அறிவதற்கும் உரியதாதலால், அதனைக் கைவிடலாகாது என்பதே என் துணிபு.

மைசூரில் மனை வாங்குவோர் நாவில் சதா வழங்கும் அளவுகள் முப்பதுக்கு நாற்பதும், நாற்பதுக்கு அறுபதுமாகும். முன்னதன் மூலைவிட்டம் சரியாக 50 அடியாதலால், அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் மேஸ்திரி மூலைமட்டத்தை எளிதில் சரிபார்த்துவிடுகிறார். பின்னதிலோ அது 5200-ன் வர்க்கமூலமாகி, முழு எண்ணில் அடங்குவதில்லை. 72-ன் வர்க்கம் 5184; எஞ்சுவது 16. 72 அடிச் சதுரமொன்றின் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் மெல்லிய பட்டைகளைச் சேர்த்து அந்த 16 சதுர அடியை நிரப்பக் கருதினால், பட்டையின் அகலம் 16-ஐ 144-ஆல் வகுத்த ஈவாகிய ஒன்பதில் ஒரு பங்கு. எனவே மூலைவிட்டம் ஏறத்தாழ 72 1/9 அடி. பட்டைகள் கூடும் மூலையிலே விழும் சிறு சதுரத்தை நாம் கணக்கில் கொள்ளாமையால், பரப்பில் ஒரு சதுர அடியின் 81-ல் ஒரு பங்கு மிகுந்துவிடுகிறது; அதனையும் 144-ஆல் வகுத்துப் பார்ப்பின், நீளத்தில் நேர்ந்த பிழை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவே என்பது புலனாகும்.

இம்முறை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1891-ல் மைசூரில் தோன்றிய கீழ்த்திசை நூலகத்தின் வெளியீட்டு வரிசையில், 1931-ஆம் ஆண்டு, பண்டைய நூலாகிய ஆபஸ்தம்ப சுல்ப சூத்திரம் மூன்று உரைகளுடன் அச்சேறியது. வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்து அமைக்கும் விதிகளைக் கூறும் அந்நூல், 2-ன் வர்க்கமூலத்துக்கு ஒன்றும், மூன்றில் ஒன்றும், பன்னிரண்டில் ஒன்றும் கூட்டி, 408-ல் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. விடை 1.4142157, உண்மை மதிப்போடு ஐந்து தசம ஸ்தானங்கள் ஒத்திருக்கின்றன. முதல் மூன்று உறுப்புகளின் தொகையாகிய 17/12-ஐ வர்க்கித்தால் 2-க்கு மேல் 144-ல் ஒன்று மிகும். அம்மிகுதியை 17/12-ன் இருமடங்கால் வகுத்தால் வருவது அதே 408-ல் ஒன்று! சூத்திரகாரர் தாம் கண்ட வழியை உரைக்கவில்லையாயினும், மிகுதியை இருமடங்கால் வகுக்கும் மேற்கண்ட நியாயம் அதனோடு இம்மி பிசகாமல் பொருந்துகிறது.

யந்திரம் தவறாது என்பர், மெய்தான். ஆனால் அதனை அழுத்தும் விரல் தவறும். 5200-ன் மூலம் 72-க்கும் 73-க்கும் இடைப்பட்டதென உணர்ந்த மாணவன், 52000 என்று தவறாக அழுத்தியதால் 228 என வந்த விடையைக் கண்டவுடனே நிராகரிப்பான். உணராதவன் அதனையே பயபக்தியுடன் எழுதி வைப்பான். பள்ளிகளில் கற்பிக்கப்படும் நெடுவகுத்தல் முறையும், காரணம் விளக்கப்படாதவரை, யந்திரத்தின் மற்றொரு வடிவமேயன்றி வேறன்று.

ஆகவே, 1963 முதல் ஆசிரியர்களை உருவாக்கிவரும் மைசூர் வட்டாரக் கல்வி நிறுவனம் போன்றவை, விடையுடன் அதன் பிழையின் எல்லையையும் கேட்டு மதிப்பெண் வழங்கும் வழக்கத்தை ஆசிரிய மாணவர்களிடம் ஊன்றச் செய்தல் அவசியம். தான் அறிந்தது எவ்வளவு நம்பத்தக்கது என்று தானே அளந்து கூறவல்ல பிரஜை, கணிதத்துக்கு அப்பாலும் எளிதில் ஏமாறான்.