எதிரி மன்னனை ஆராதித்த இளவரசர்

உக்ரேன் போரின் முடிவு போர்க்களத்தில் மட்டுமல்ல, வொஷிங்டனில் ஆட்சியில் இருப்பவர் மொஸ்கோவின் தலைவரை எப்படி மதிக்கிறார் என்பதிலும் தங்கியிருப்பதாக ஆய்வாளர்கள் பேசுகின்றனர். ஒருவரது மனதிலிருந்த மயக்கம் ஒரு பெரும் போரையே திசைதிருப்பிய கதை 1762 இல் ரஷ்யாவில் நடந்தது.

பிள்ளைகள் இல்லாத மகாராணி எலிசபெத் தனது வாரிசாகத் தெரிவு செய்தது சகோதரியின் மகன் பீற்றரை. ஜேர்மன் மண்ணில், கீல் நகரில் பிறந்து 13 வயதில் ரஷ்யாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவருக்குக் கண்கண்ட தெய்வம் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக். அதே பிரெடரிக்குடன்தான் ரஷ்யா ஏழாண்டுப் போரில் மோதிக்கொண்டிருந்தது.

ரஷ்யப் படைகள் 1758 இல் கோனிக்ஸ்பேர்க்கைக் கைப்பற்றின. 1759 ஓகஸ்ட்டில் குனர்ஸ்டோர்ஃபில் ஒஸ்ரியர்களுடன் சேர்ந்து பிரெடரிக்கின் படையைச் சிதறடித்தன. அந்த ஒரு நாளில் ரஷ்யர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். 1760 ஒக்டோபரில் பேர்லினுக்குள்ளேயே நுழைந்தன. 1761 முடிவில் பிரெடரிக் ஏறத்தாழ வீழ்ந்துவிட்டார்.

1762 ஜனவரி 5 இல் எலிசபெத் இறந்தார். அரியணை ஏறிய பீற்றர் போரை நிறுத்தி, மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கையில், பிடித்த நிலம் முழுவதையும் எந்த ஈடுமின்றித் திருப்பிக் கொடுத்தார். நேற்றுவரை எதிரியாக இருந்தவருக்கு உதவ ஒரு ரஷ்யப் படைப்பிரிவையும் அனுப்பினார். தன் படைக்குப் பிரஷ்யச் சீருடை மாட்டினார்.

போர் நின்றது நல்லதுதானே என்று கேட்கலாம். போரின் விலை அறிந்த எவரும் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பீற்றர் சமாதானப் பிரியர் அல்லர். அடுத்த கணமே தனது பூர்வீக ஹொல்ஸ்ரைன் குடும்பத்தின் நில உரிமைக்காக டென்மார்க் மீது படையெடுக்க ஆயத்தமானார். குனர்ஸ்டோர்ஃபில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ரஷ்யக் குடும்பங்கள் இரண்டு முடிவுகளிலும் கணக்கில் எடுக்கப்படவில்லை.

ஆறு மாதம்தான். ஜூலை 9 இல் மனைவி கத்தரீன் காவற்படையின் துணையோடு ஆட்சியைக் கைப்பற்றினார். எட்டு நாட்களின் பின் பீற்றர் காவலில் இறந்தார். அவர் கோமாளி என்ற சித்திரத்தின் பெரும்பகுதி கத்தரீனின் நினைவுக் குறிப்புகளிலிருந்து வந்தது. வென்றவர் எழுதியதை அப்படியே நம்பவேண்டியதில்லை. பிரெடரிக்குடனான சமாதானத்தைக் கத்தரீனும் முறிக்கவில்லை; அனுப்பிய படையை மட்டும் திருப்பி அழைத்தார். ஆராதிக்கப்பட்ட பிரெடரிக்கோ 1786 வரை ஆண்டார்.

இந்த 'அதிசயத்தை' நம்பி இன்னொருவரும் காத்திருந்தார். 1945 ஏப்ரல் 12 இல் ரூஸ்வெல்ட் இறந்தபோது, எலிசபெத்தின் மரணம் திரும்பவும் நிகழ்ந்துவிட்டதாகக் கோயபல்ஸ் ஹிட்லரிடம் மகிழ்ந்தார். ஆனால் ரூஸ்வெல்ட்டின் இடத்துக்கு வந்த ட்ரூமன் ஹிட்லரை ஆராதித்தவர் அல்லர். மூன்று வாரங்களுக்குள் பேர்லின் வீழ்ந்தது. பீற்றர் திருப்பிக் கொடுத்த கோனிக்ஸ்பேர்க், இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவிடம் இருக்கிறது.