ஜெனின் படமாளிகை எவருக்காகத் திறந்தது?

படமாளிகை ஒன்று மூடப்படுவதைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே இரு சாரார். பழைய நாள்களை நினைந்து பெருமூச்செறிவோர் ஒரு சாரார். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வந்தபின் இது தவிர்க்கவியலாதது எனத் தீர்ப்புக் கூறிவிட்டு அப்பாற் செல்வோர் மறு சாரார். இவ்விரு சாராரும் படமாளிகையைக் கட்டடமாகவும் பொறியாகவுமே காண்கின்றனர். கட்டடம் பழுதுற்றால் பணங்கொண்டு திருத்தலாம், பொறி பழுதுற்றால் புதியது வாங்கலாம், பணமில்லையேல் கைவிடலாம். இந்நோக்கு எத்துணைப் பிழையானது என்பதற்கு ஜெனின் நகரத்துப் படமாளிகையிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜெனின், பலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் வடபால் அமைந்த நகரம். 1987இல் முதலாவது இன்திபாதா எழுச்சி மூண்டபோது அந்நகரத்துப் படமாளிகை மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது பாழ்பட்டுக் கிடந்தது. இதற்கிடையில் 2002 ஏப்ரலில் ஜெனின் அகதி முகாமின்மீது இஸ்ரேலிய இராணுவம் படையெடுத்தது. பலஸ்தீனர் 52 பேரும் இஸ்ரேலியப் படையினர் 23 பேரும் அச்சமரில் மாண்டனர். 2005இல் அம்முகாமைச் சேர்ந்த அகமது கத்தீப் என்னும் சிறுவன், கையில் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றவேளை இஸ்ரேலியப் படையினரின் சூட்டுக்கு இலக்கானான். அவனுடைய தந்தை இஸ்மாயில் கத்தீப், மகனின் உடலுறுப்புகளை இஸ்ரேலிய நோயாளிகளுக்கு வழங்க இசைந்தார். அந்நிகழ்ச்சியை வைத்து ஜேர்மானியரான மார்க்குஸ் வெற்றர், இஸ்ரேலியரான லியோன் கெல்லருடன் சேர்ந்து 'ஜெனினின் இதயம்' என்ற விவரணப் படத்தை 2008இல் ஆக்கினார். படத்தைக் காட்டுவதற்கு ஜெனினில் ஒரு மண்டபம் இல்லை என்ற உண்மையே படமாளிகையைப் புதுப்பிக்கும் முயற்சிக்கு வித்தாயிற்று.

ஜேர்மன் வெளியுறவு அமைச்சு பணம் உதவிற்று. பிரித்தானிய இசைக் கலைஞர் ரொஜர் வோட்டர்ஸ் ஒலிக்கருவிகளுக்கு நிதி வழங்கினார். பிற நாட்டு இளைஞரும் உள்ளூர் இளைஞரும் தூசி தட்டி, கதிரைகளைச் செப்பனிட்டு, சுவர்களுக்கு வண்ணம் பூசினர். 2010 ஓகஸ்டில், ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகளின் பின், படமாளிகை திறந்தது. பலஸ்தீனப் பிரதமர் சலாம் பயாத் வந்தார். உலகப் பத்திரிகைகள் யாவும் வந்தன. 2016இன் இறுதியில் கட்டடம் விற்கப்பட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் எழவிருந்தது வணிகக் கட்டடம்.

திறப்புக்கும் இடிப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகள். இத்தோல்விக்குக் காரணமாக ஜெனின் மக்களின் பழைமைவாதத்தையே ஐரோப்பியர் பலரும், அவர்கள் வழிநின்று நம்மவர் சிலரும் கூறுகின்றனர். ஆணும் பெண்ணும் இருளில் ஒருங்கிருப்பதை விரும்பாத சமூகத்தில் படமாளிகை எங்ஙனம் தழைக்கும் என்பது அவர்களின் வினா. அத்தகைய தயக்கம் அங்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1987க்கு முன்பு அதே நகரத்தில், அதே மண்டபத்தில் மக்கள் படம் பார்த்தார்கள் அல்லவா? சமயப்பற்று இடையிலே வானத்திலிருந்து குதித்ததன்று. ஆக்கிரமிப்பும் ஊரடங்கும் ஒரு சமூகத்தை வீட்டுக்குள்ளே தள்ளும்போது அது தன் கதவுகளை இறுக்கிக்கொள்வது இயல்பு. அதனைப் பழைமைவாதம் என்று மட்டும் பெயரிட்டு அமைவது, நோயாளியின் காய்ச்சலை அவனது குணக்கேடு என்பதை ஒக்கும்.

மக்களின் ஐயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்படமாளிகை 'சமாதானத்தின் சின்னம்' என்ற பெயருடன் திறந்தது. எவருக்குச் சமாதானம்? சோதனைச் சாவடிகள் அகலவில்லை. முகாம் முகாமாகவே இருந்தது. ஆக்கிரமித்தவனோடு இயல்புநிலையைப் பாவனை செய்வதற்கு நம் ஊர் மண்டபம் மேடையாகிறதோ என்று ஜெனினில் எழுந்த கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவோர், அக்கேள்வியைத் தம்மையே ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். படமாளிகையை மீட்ட கதையை வெற்றர் இன்னொரு விவரணப் படமாகவும் ஆக்கினார். இன்று அந்தப் படம் இருக்கிறது, மண்டபம் இல்லை. இந்த முரணை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. இதனால் அங்கு வியர்வை சிந்திய இளைஞரை நான் இகழ்வதாக எவரும் கொள்ளலாகாது. கதிரைகளுக்கும் ஒலிக்கருவிக்கும் கிடைத்த பணம் நிலத்துக்குக் கிடைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. நிலமும் கட்டடமும் தனியாரின் உடைமையாகவே இருந்தன. குத்தகைக்கு எடுத்த கூரையின்கீழ் பண்பாட்டை நட்டால், நிலத்தின் விலை ஏறும் நாளில் அது பிடுங்கப்படும். இதற்குச் சமயம் வேண்டியதில்லை, தொலைக்காட்சியும் வேண்டியதில்லை, சந்தையொன்றே போதும்.

படமாளிகை என்பது யாது என்ற அடிப்படை வினாவை நம்மிடையே தெளிவாக எழுப்பியவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. தமிழ்ச் சினிமாவின் அரசியற் பங்கு பற்றி 1981இல் வெளிவந்த ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது நிகழ்கலைக் களம் படமாளிகையே என்று அவர் சுட்டினார். யார் எங்கு அமர்வது என்பதைப் பிறப்பின் படிநிலை அன்றி, நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசே தீர்மானித்தது. (காசும் ஒரு படிநிலைதான், எனினும் கலரியில் இருந்தவனும் பல்கனியில் இருந்தவனும் ஒரே கணத்தில் சிரித்தார்கள்.) தமிழரை முன்னிறுத்தி அவர் கூறியது, எங்கெல்லாம் மக்கள் சேர்ந்திருப்பதற்குத் தடை உளதோ அங்கெல்லாம் பொருந்தும். படமாளிகையின் சாரம் கூடுதலே. அதனை மீட்பதாயின், கூடுகின்றவர்களிடமிருந்தே தொடங்கல் வேண்டும்.

அவ்வாறு தொடங்கிய முயற்சியொன்றும் உண்டு. அது சூடானில் நிகழ்ந்தது. 1989இல் உமர் அல்பஷீர் ஆட்சியைக் கைப்பற்றியபின் அந்நாட்டின் சினிமா வாழ்வு நசித்தது. இப்ராகிம் ஷத்தாத், சுலைமான் இப்ராகிம் முதலிய நெறியாளர், கிழக்கு ஜேர்மனியிலும் மொஸ்கோவிலும் பயின்று வந்தவர்கள், படமெடுக்க வழியின்றி முதுமை எய்தினர். அம்முதியவர்கள் தலைநகர்ப் பகுதியில் நெடுங்காலமாக மூடிக்கிடந்த திறந்தவெளிப் படமாளிகை ஒன்றில் ஓர் இரவேனும் படங்காட்ட முனைந்ததை, சுகைப் கஸ்மெல்பாரி 'மரங்களைப் பற்றிப் பேசுதல்' என்ற விவரணப் படத்திற் பதிவு செய்தார். 2019 பேர்லின் விழாவில் அது பரிசு பெற்றது.

இம்முதியவர்களிடம் அமைச்சின் பணமுமில்லை, புகழ்வாய்ந்த பாடகரின் கொடையுமில்லை. அவர்கள் முதலிற் செய்தது அயலவரிடம் செல்வது. எத்தகைய படம் வேண்டும் என்று கேட்டார்கள். ஈற்றில் தெரிவானது அமெரிக்கப் படமான 'ஜாங்கோ அன்செயின்ட்'. மக்களின் ரசனையைத் திருத்தப் புறப்படும் நம் விமரிசகர் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கக்கூடும். அடிமை ஒருவன் தளை அறுத்த கதையை அம்மக்களுக்குக் காட்டவிருந்தனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. பின்னர் அனுமதிக்காக அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்தனர். அனுமதி கிடைக்கவில்லை. படங்காட்டப்படவில்லை.

அப்படியாயின் இதுவும் தோல்விதானே என்பர். தோல்விதான். ஜெனினில் திரை ஒளிர்ந்தது. இங்கு அதுவும் இல்லை. 2019 ஏப்ரலில் அல்பஷீர் வீழ்ந்தார். நான்கு ஆண்டுகளில், 2023 ஏப்ரலில், சூடான் உள்நாட்டுப் போரில் மூழ்கியது. எனினும் ஜெனினில் எழாத வினா இங்கு எழுந்தது. அதிகாரம் அதனைப் புரிந்துகொண்டது. கைத்தொலைபேசி இருக்கையில் மண்டபம் எதற்கு என்று நம்மை வினவுவோர், அவ்வினாவை அந்த அலுவலகங்களில் இருந்தோரிடம் கொண்டு செல்லட்டும். எவரும் தம் வீட்டில் தனித்திருந்து பார்த்துவிடக்கூடிய ஒரு படத்தை, அயலவர் ஓரிரவு ஒருங்கிருந்து பார்ப்பதற்கு அவர்கள் ஏன் அஞ்சினார்கள்?