கரண்ட் எல்லை தாண்டட்டும். ஆனா கையெழுத்து யாரைக் கேட்டுப் போடுறீங்க?



2025 ஏப்ரல் 5-ஆம் தேதி பிரதமர் கொழும்பு போயிருந்தப்போ, இந்தியா, இலங்கை மின்கட்டமைப்புகளை இணைக்க ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. மதுரை, அனுராதபுரம்னு பல வருஷமா பேசிக்கிட்டு இருக்கிற திட்டம்தான் இது. லைன் எந்த வழியாப் போனாலும் தமிழ்நாட்டு மண்ணுல கோபுரம் நட்டு, பாக் நீரிணை பக்கம்தான் கடலைத் தாண்டியாகணும். பூகோளம் அப்படி.

இது பத்தி ரெண்டு விதமான பேச்சு கேட்குது. ரெண்டுக்குமே நாம பதில் சொல்லணும்.

முதல் பேச்சு: "நமக்கே கரண்ட் பத்தல, வெளிநாட்டுக்கு எதுக்கு?"

தயவுசெய்து இந்த வாதத்தை வச்சு மீம் போடாதீங்க தோழர்களே. மின்சாரம் எல்லை தாண்டுறது தப்பே இல்லை. பூட்டானோட நீர்மின்சாரம் பல வருஷமா இந்தியாவுக்கு வருது. 2013-லிருந்து மேற்கு வங்கத்து பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்துக்குப் போகுது. திரிபுராவுல பாலட்டானா மின்நிலையம் கட்டினப்போ, கனரக இயந்திரங்கள் போக வங்கதேசம் தன் மண்ணுல வழி விட்டுச்சு. 2016-ல அந்தத் திரிபுராவிலிருந்தே அவங்களுக்கு 100 மெகாவாட் போச்சு. அண்டை வீட்டுக்காரங்க கொடுத்து வாங்குறது இப்படித்தான் இருக்கணும்.

நமக்கும் இதுல லாபம் இருக்கு. ஆரல்வாய்மொழியில ஆடிக் காத்து அடிக்கும்போது கிடைக்கிற மின்சாரம் மார்கழியில கிடைக்காது. உபரி இருக்கும்போது வித்து, பற்றாக்குறையில வாங்க இன்னொரு வழி கிடைச்சா நல்லதுதான்.

ரெண்டாவது பேச்சு: "இது ரெண்டு நாட்டு விவகாரம், மாநிலத்துக்கு இதுல என்ன வேலை?"

இங்கதான் நாம நின்னு பேசணும்.

மின்சாரம் அரசியலமைப்புல பொதுப்பட்டியல்ல, 38-ஆவது இனமா இருக்கு. அதாவது ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் சேர்ந்த அதிகாரம். ஆனா எல்லை தாண்டி விக்கிறதுக்கான அனுமதியை யார் தர்றாங்க? 2018 டிசம்பர்ல ஒன்றிய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, மத்திய மின்சார ஆணையத்தோட ஒரு உறுப்பினர்தான் அதுக்கான அதிகாரி. எந்த எரிபொருள்ல தயாரான மின்சாரத்தை விக்கலாம்ங்கிறதும் அதுலயே இருக்கு. நிலக்கரி மின்சாரம்னா அது உபரியா இருக்கணும். இறக்குமதி நிலக்கரி, ஏலத்துல எடுத்த நிலக்கரி மாதிரியானதுல தயாரானதா இருக்கணும்.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் இல்லை. அமைச்சகமே எழுதும், அமைச்சகமே திருத்தும்.

எப்படித் திருத்துறாங்கன்னு தெரியணுமா? ஜார்க்கண்ட் மாநிலம் கோட்டாவைப் பாருங்க.

அங்க அதானி குழுமத்தோட 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கு. 2017-ல வங்கதேசத்தோட 25 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. தயாராகிற மின்சாரம் முழுசும் அந்த நாட்டுக்கு. நிலக்கரி கப்பல்ல ஒடிசாவோட தாம்ரா துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயில்ல போகுது. 2019-ல இந்த ஒரு மின்நிலையத்துக்கே சிறப்புப் பொருளாதார மண்டல அந்தஸ்து கிடைச்சது. நிலம்? மாநில அரசே "பொது நோக்கம்"னு சொல்லிக் கையகப்படுத்திக் கொடுத்துச்சு. சந்தால் பழங்குடி மக்கள் எதிர்த்துப் போராடினாங்க.

நிலம் கோட்டா மக்களோடது. புகையும் சாம்பலும் அவங்களுக்கு. மின்சாரம் இன்னொரு நாட்டுக்கு. இதுல "பொது"ங்கிறது யாரு?

அடுத்தது இன்னும் முக்கியம். 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து அவர் நாட்டை விட்டு வெளியேறினார். சரியா 7 நாள்ல, ஆகஸ்ட் 12-ஆம் தேதி, ஒன்றிய மின்துறை அந்த நெறிமுறையைத் திருத்துச்சு. அண்டை நாட்டுக்கு மட்டுமே மின்சாரம் விக்கிற நிலையம், அந்த நாடு தொடர்ந்து வாங்காம விட்டாலோ பணம் தராம இழுத்தாலோ, இந்தியக் கட்டமைப்புல இணைஞ்சு உள்நாட்டுல வித்துக்கலாம். அப்போ தயாரிக்கிறது முழுசையும் வெளிநாட்டுக்கு விக்க ஒப்பந்தம் போட்டிருந்த நிலையம் இந்தியாவுல எத்தனை? ஒண்ணே ஒண்ணு. கோட்டா.

"மின்நிலையம் சும்மா கிடக்குறதுக்கு நாட்டுக்குள்ள பயன்படட்டுமே"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். நாம திருப்பிக் கேட்கிறது வேகத்தைப் பத்தி. தமிழ்நாடு ஒரு கோரிக்கை வச்சா டெல்லியில ஃபைல் எத்தனை மாசம் தூங்குது? ஒரு கம்பெனியோட வியாபாரத்துக்கு ஆபத்துன்னா மட்டும் எப்படி 7 நாள்ல விதி மாறுது?

இதையே கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. மன்னார், பூநகரியில 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதே குழுமம் வந்துச்சு. விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட். அந்த விலை ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. அதனால ஜனங்க கேள்வி கேட்டாங்க, சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனாங்க, புதுசா வந்த அரசு விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுச்சு. 2025 பிப்ரவரியில கம்பெனியே விலகிக்கிச்சு. விலகினது நல்லதா கெட்டதான்னு அவங்க பேசிக்கட்டும். ஆனா விலை தெரிஞ்சதாலதான் அவங்களால பேசவே முடிஞ்சது.

நாளைக்கு நம்ம ஊர்ல என்ன நடக்கும்? உயர்மின் கோபுரம் வந்தா என்ன ஆகும்னு கொங்கு மண்டல விவசாயிகளைக் கேளுங்க. கோபுரத்துக்காக நிலத்தைக் கிரயம் வாங்க மாட்டாங்க. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தோட அதிகாரத்தை வச்சு வயலுக்குள்ள வருவாங்க. பட்டா நம்ம பேர்லயே இருக்கும், கம்பிக்கு அடியில தென்னை வைக்க முடியாது, நிலத்தை விக்கப் போனா விலை கேட்க ஆள் இருக்காது. இப்போ இலங்கை லைன் வந்தா மதுரை, ராமநாதபுரம் பக்கத்து விவசாயிக்கு இதே கதைதான். கூடவே பாக் நீரிணையில ஏற்கெனவே நொந்து போயிருக்கிற மீனவர்கள். கேபிள் போகிற பாதையில வலை போடலாமா கூடாதான்னு அவங்ககிட்ட யார் உட்கார்ந்து பேசப் போறாங்க?

அதனால நாம கேட்கிறது மூணே மூணு.

ஒண்ணு: எல்லை தாண்டி மின்சாரம் விக்கத் தர்ற ஒவ்வொரு அனுமதியும் பொதுவெளிக்கு வரணும். எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு, விலையை எப்படிக் கணக்கு போட்டாங்க, எல்லாம் தமிழ்லயும் இருக்கணும்.

ரெண்டு: லைன் புறப்படுற மாநிலத்தோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம அனுமதி கூடாது. தமிழ்நாட்டுல பற்றாக்குறை வந்தா அந்த நேரத்துல யாருக்கு முன்னுரிமைன்னு ஒப்பந்தத்துலயே எழுதணும்.

மூணு: கோபுரம் நடுறதுக்கு முன்னாடி விவசாயிக்கு முழு இழப்பீடு. கேபிள் இறக்குறதுக்கு முன்னாடி மீனவ கிராமங்கள்ல கூட்டம்.

இலங்கையில இருக்கிறவங்களும் நம்ம மக்கள்தான். அவங்க வீட்டுல விளக்கு எரியுறதை நாம ஏன் தடுக்கப் போறோம்? சந்தோஷமா அனுப்புவோம். ஆனா நம்ம வயல்ல கோபுரம் நட்டுட்டு, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்காம டெல்லியில கையெழுத்துப் போடுறதை மட்டும் ஏத்துக்க முடியாது.

ராமநாதபுரம், மதுரை மாவட்டத் தோழர்கள் இதை உங்க ஊர் குரூப்ல கண்டிப்பா போடுங்க. லைன் சர்வே எடுக்க யாராவது வந்தா என்ன கேட்கணும்னு அவங்களுக்கு இப்பவே தெரியட்டும்.

#மாநில_உரிமை #மின்சாரம்_பொதுப்பட்டியல்