கையெழுத்தில்லாக் கோடுகள்

சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அந்த மனிதனைத் தமிழ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அவனை வரைந்தவரின் பெயர் தெரிந்தவர்கள் வெகு சிலரே. வாசகர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. லண்டனிலிருந்து வந்த ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் இதன் மூலமான ‘தி ஸ்டீல் க்ளா’ தொடங்கியபோதே பக்கத்தில் எவர் பெயரும் இல்லை. எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெஸுஸ் பிளாஸ்கோ. இந்த இரண்டு பெயர்களும் இன்று அட்டவணைகளில் கிடைக்கின்றன என்றால், பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஒப்பிட்டவர்களின் உழைப்பே அதற்குக் காரணம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் ஓவியர் ஓரத்தில் போட்ட கையெழுத்தை வெள்ளை மை பூசி மறைப்பது வழக்கம். பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனம் ஓவியரை இழுத்துக்கொள்ளும், அவரும் கூலி கூட்டிக் கேட்பார் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. பெயரோடு வருமானமும் மறைந்தது. ‘டிரிகன் எம்பயர்’ தொடரை 1965 முதல் வண்ணத்தில் தீட்டிவந்த டான் லாரன்ஸ், தம் ஓவியங்கள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் விற்பனையாவதையும் அதில் தமக்கு ஒரு காசும் வராததையும் 1976இல்தான் அறிந்தார். உடனே தொடரை விட்டு விலகி, டச்சு வாசகர்களுக்காக ‘ஸ்டார்ம்’ வரையப் போனார். பிரிட்டனில் பெயர் போடும் வழக்கம் 1977இல் பிறந்த ‘2000 ஏடி’ இதழில்தான் வேரூன்றியது. ஓவியர் கெவின் ஓ’நீல் அங்கே அலுவலகத்துக்குள் இருந்தபடி அதைச் செய்து முடித்தார்.

அதற்கு முந்தைய பல்லாயிரம் பக்கங்களுக்குப் பெயர் தேடும் வேலை ஆர்வலர்களிடம் வந்து சேர்ந்தது. டெனிஸ் கிஃபோர்டின் பிரிட்டிஷ் காமிக்ஸ் அட்டவணை 1975இல் வெளியானது. அமெரிக்காவில் ஜெரி பெய்ல்ஸும் ஹேம்ஸ் வேரும் 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாகக் கலைஞர் அகராதி ஒன்றை வெளியிட்டார்கள். கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் 1994இல் தொடங்கியது. சம்பளமின்றி நடந்த இந்தப் பணி இல்லாவிட்டால் காமிக்ஸ் வரலாறு என்ற துறையே இருந்திருக்காது.

இப்பணியில் ஒரு பலவீனம் தொடர்ந்து தெரிகிறது. ஒருவர் ‘இருக்கலாம்’ என்று எழுதியதை அடுத்தவர் ‘ஆம்’ என்று படியெடுக்கிறார். மூன்றாவது படியில் அது வரலாறாகிவிடுகிறது.

1961 நவம்பர் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழ் இதற்கு நல்ல சான்று. பென்சில் ஜாக் கர்பியுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மை தீட்டியவர் யார்? டிக் அயர்ஸ் என்றார்கள், கிறிஸ்டஃபர் ரூல் என்றார்கள். ஒவ்வொரு பெயரும் சில காலம் உறுதியான தகவலைப் போலவே அச்சில் உலவியது. டிசி நிறுவனத்தின் சூப்பர்மேன் கதைகளில் கர்ட் ஸ்வானின் பென்சிலுக்கு மை தீட்டிய ஜார்ஜ் க்ளைனின் கை அது என்று மைக்கேல் வஸல்லோ போன்ற ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த முடிவு கோட்டோடு கோட்டை ஒப்பிட்டு எட்டப்பட்டது. இத்தனை புகழ்பெற்ற இதழிலேயே இவ்வளவு தடுமாற்றம் என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத நூற்றுக்கணக்கான விண்வெளிக் கதைகளில் எத்தனை பெயர்கள் இடம் மாறி நிற்கின்றனவோ!

கோட்டை ஒப்பிடும் முறைக்கு நீண்ட மரபு உண்டு. மருத்துவம் படித்த இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லி, 19ஆம் நூற்றாண்டில் காது மடலையும் விரல் நகத்தையும் பார்த்துப் பழைய ஓவியங்களுக்கு உரியவரைத் தேடினார். முகத்தில் கவனமாக இருக்கும் ஓவியர் காதில் பழக்கத்தின் போக்கில் போய்விடுவார் என்பது அவர் கணிப்பு. காமிக்ஸில் காதோடு விண்கலத்தின் விசைப்பலகை, விண்வெளி உடையின் மடிப்பு, பாறையின் நிழல், தூரத்தில் நிற்கும் சின்ன உருவம் ஆகியவையும் சாட்சி சொல்கின்றன.

ஆனால் மொரெல்லிக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஒரே காதில் இரண்டு பேரின் கை இருக்கலாம். பென்சில் ஒருவருடையது, தூரிகை மற்றொருவருடையது. இசி நிறுவனத்தின் அறிவியல் கதைகளில் ஆல் வில்லியம்சன் வரைந்த பக்கங்களுக்குள் நண்பர்களான ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவும் ராய் க்ரெங்கலும் புகுந்து வேலை செய்தார்கள். ‘ஈகிள்’ இதழில் 1950இல் தொடங்கிய ‘டான் டேர்’ தொடரை ஃப்ராங்க் ஹாம்ப்சனின் பெயரால் உலகம் அறியும். பக்கத்தை உருவாக்கியதோ ஹெரால்ட் ஜான்ஸ், கிரெட்டா டாம்லின்சன், டான் ஹார்லி முதலியோர் அடங்கிய ஒரு கூடமே. இதற்கு மேல், அலெக்ஸ் ரேமண்டின் ‘ஃப்ளாஷ் கார்டன்’ படங்களை எதிரே வைத்துப் பார்த்து வரைந்தவர்களும் பலர். சாயல் இருக்கிறது என்பதற்காகக் கை ஒன்றாகிவிடாது.

கையெழுத்தே இருந்தாலும் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். ‘பிளானட் காமிக்ஸ்’ இதழில் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ தொடரை வரைந்தவர்களில் ஒருவர் ‘எல். ரெனே’ என்று ஒப்பமிட்டார். வாசகர்கள் அவரை ஆண் என்றே எண்ணினார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த லில்லி ரெனே என்ற இளம்பெண் அவர். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வரலாற்றாளர் டிரினா ராபின்ஸ் அவருடைய கதையை வெளிக்கொண்டுவந்தார். அந்த இதழை வெளியிட்ட நிறுவனத்தில் ஃப்ரான் ஹாப்பர் போன்ற பெண்கள் வேறு சிலரும் வரைந்தார்கள். ஒப்பமில்லாத பக்கத்தை ஆண் ஓவியர்களின் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுகிறவர் தேடலைத் தொடங்கும்போதே பாதையை அடைத்துவிடுகிறார்.

இவை எல்லாவற்றையும் விட வலுவானது காகிதம். ‘ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்’, ‘மிஸ்டரி இன் ஸ்பேஸ்’ இதழ்களின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸின் பதிவேடுகள் கிடைத்ததால், கார்மைன் இன்ஃபன்டினோ, மர்ஃபி ஆண்டர்சன், சிட் கிரீன் ஆகியோரின் பக்கங்களை இன்று ஐயமின்றிப் பிரித்துச் சொல்ல முடிகிறது. அட்லஸ் நிறுவனக் கதைகளின் முதல் பக்கத்தில் சிறிதாக இருக்கும் பணி எண், கதை எந்த வரிசையில் தயாரானது என்பதைக் காட்டுகிறது. ஓவியர் வேலையில் சேரும் முன்பே தயாரான கதையை அவர் பெயரில் எழுதிவிடாமல் அது காப்பாற்றும்.

ஆகவே பெயரைப் போலவே அதற்கான அடிப்படையும் அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்று இவ்விதழ் கோருகிறது. பென்சில், மை, எழுத்துப் பொறிப்பு, வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கட்டும். அந்தப் பெயர் ஒப்பத்திலிருந்து வந்ததா, பதிவேட்டிலிருந்தா, ஓவியரின் நினைவிலிருந்தா, கோட்டு ஒப்பீட்டிலிருந்தா என்ற குறிப்பு அருகில் வரட்டும். ஒப்பீடு என்றால், எந்த இதழின் எந்தப் பக்கத்தோடு, யார், எந்த ஆண்டில் ஒப்பிட்டார் என்பதும் வேண்டும். ஐயமுள்ள பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி இடும் வழக்கம் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸில் ஏற்கெனவே உண்டு. படியெடுக்கும்போது அந்தக் குறியை உதிர்ப்பது, பெயரையே மாற்றி எழுதுவதற்கு ஒப்பான பிழை. மறுபதிப்பு வெளியிடுவோருக்கும் உரிமைத்தொகை கணக்கிடுவோருக்கும் இது வெறும் ஒழுங்குப் பிரச்சினையல்ல. தவறான பெயர் அச்சேறினால் உரிய குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேராது.

தமிழ்ப் பதிப்புகளை அட்டவணையிடுவோருக்கு இதில் கூடுதல் வேலை உண்டு. மொழிமாற்றத்தில் ஆங்கில எழுத்து நீங்கித் தமிழ் எழுத்து வந்துவிடுவதால், எழுத்துப் பொறித்தவர் யார் என்ற தடயம் அந்தப் பக்கங்களில் அழிந்துபோயிற்று. பிளாஸ்கோவின் சகோதரர்களும் ஓவியர்கள். அவர்கள் சேர்ந்து வரைந்த பணிகள் பல. ‘தி ஸ்டீல் க்ளா’ நீண்டுகொண்டே போனபோது வேறு ஓவியர்களும் அதைத் தொட்டார்கள். எனவே மாயாவி இதழ்கள் எல்லாவற்றுக்கும் ‘ஓவியம்: பிளாஸ்கோ’ என்று ஒரே வரியை இட்டுச் செல்வது போதாது. ஒவ்வொரு தமிழ் இதழும் ‘வேலியன்ட்’ வாரங்களில் எதிலிருந்து எதுவரை என்ற பட்டியல் முதலில் வேண்டும். அதை வைத்துக்கொண்டு மூலப் பக்கத்தையும் தமிழ்ப் பக்கத்தையும் அருகருகே விரித்து, அந்த எஃகு விரல்களின் மூட்டுகளிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்கலாம்.