மின்வெட்டும் லித்தியம் சேமக்கலமும்

புனே நகரின் புறநகர்ப் பகுதிகளில், மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இல்லங்களில், இப்பொழுது பெரிதும் பேசப்படும் பொருள் லித்தியம் சேமக்கலம். பாட்டரி என்று மக்கள் வழங்கும் இச்சாதனத்தைச் சூரியத் தகடுகளுடன் சேர்த்து வாங்கிவிட்டால் மின்வெட்டின் தொல்லை ஒழிந்தது என்று விற்பனையாளர் கூறுகின்றனர். இல்லத்தாரும், எந்தப் பாட்டரி சிறந்தது என்றே வினவுகின்றனர். முதலில் எழ வேண்டிய வினா அதுவன்று. அவ்வீட்டில் மின்சாரம் எத்தனை முறை, எவ்வளவு நேரம், என்ன காரணத்தால் நிற்கிறது என்பதே முதல் வினா. அதற்கு விடை காணாமல் பெரிய சேமக்கலம் வாங்குவோர், தமக்கு ஒருநாளும் பயன்படாத ஆற்றலுக்கு விலை கொடுக்கின்றனர்.

மின்வெட்டின் காரணம் காலத்துக்குக் காலம் மாறுபடுவது. 2006 ஆம் ஆண்டில் மஹாராஷ்டிரம் முழுவதும் மின்சாரப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அந்நாளில் புனே ஒரு புதுமையைச் செய்தது. தொழிற்சாலைகள் தம்மிடமிருந்த டீசல் மின்னாக்கிகளை உச்ச நேரங்களில் தாமே ஓட்டிக்கொள்ள, அவற்றுக்குச் செல்லவேண்டிய மின்சாரம் நகரத்து இல்லங்களுக்குக் கிடைத்தது. டீசலுக்கான கூடுதல் செலவை நுகர்வோர் ஒரு தனிக் கட்டணமாகப் பகிர்ந்துகொண்டனர். இந்தியத் தொழில் கூட்டமைப்பின் யோசனைக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இசைவளித்து நடந்தேறிய இம்முறை, புனே முறை என்ற பெயரால் நாடெங்கும் பேசப்பட்டது. ஊர் கூடித் தேர் இழுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் அரிது.

அன்றைய வெட்டு உற்பத்திக் குறைவால் நேர்ந்தது. நாள்தோறும் குறித்த மணிக்கு வந்து, சில மணி நேரம் நீடிப்பது. இன்றைய தடை பெரும்பாலும் விநியோகத்தில் நேர்வது. மே மாதத்துப் புயல்மழையில் மரக்கிளை கம்பியின்மேல் விழுகிறது. சாலை தோண்டுகையில் நிலத்தடிக் கம்பிவடம் அறுபடுகிறது. கட்டடங்கள் பெருகிய வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் மின்மாற்றி பழுதடைகிறது. தொழிற்பேட்டைகளின் விடுமுறை நாளான வியாழக்கிழமையன்று பராமரிப்புக்காக நிறுத்தப்படுவதும் உண்டு. இத்தகைய தடைகள் ஒழுங்கற்றவை. பலவும் ஓரிரு மணியில் தீர்பவை. ஆயினும் மக்கள், 2006 இன் வெட்டை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய வெட்டுக்குப் பாட்டரி வாங்குகின்றனர்.

சூரியத் தகடு பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்குதல் வேண்டும். மின்வாரியக் கம்பியுடன் இணைந்த சாதாரணச் சூரியச் சாதனம், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நண்பகல் வெயில் காய்ந்தாலும் வீட்டில் விசிறி சுழலாது. இது குறைபாடன்று, பாதுகாப்பு விதி. பழுது பார்க்கும் ஊழியர் கம்பியைத் தொட்டிருக்கும் வேளையில் ஒரு வீட்டின் கூரையிலிருந்து அதில் மின்சாரம் பாயுமாயின் அவர் உயிருக்கே கேடு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் சாதனத்துக்கு 78,000 ரூபாய் மானியம் வகுத்தது. அம்மானியம் தகடுகளின் திறனைக் கொண்டு கணக்கிடப்பட்டதேயன்றி, சேமக்கலத்தைக் கொண்டு அன்று. மானியத்தில் தகடு பொருத்திவிட்டு, முதல் மின்தடையன்று ஏமாற்றமடைந்தோர் பலர். வெட்டின்போதும் இயங்க வேண்டுமாயின், கம்பியினின்று தானே விலகிக்கொள்ளும் கலப்பு வகை இன்வெர்ட்டரும் சேமக்கலமும் தேவை.

அச்சேமக்கலம் லித்தியமாக இருக்க வேண்டுமா என்பதே அடுத்த கேள்வி. 1859 இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமிலக் கலம் இன்னும் வழக்கில் உள்ளது. வீடுகளுக்கு ஏற்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலமோ, ஜான் குட்எனஃப் குழுவினர் 1997 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. அவ்வாராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர்களுள் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகிய இந்தியர் இருவர் இருந்தமை நம்மவர் அதிகம் அறியாத செய்தி.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயக் கலத்தில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆனால் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் விரைவில் குன்றும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் கலத்தில் அடங்குவது 1,280 வாட்-மணியே எனினும், அதில் ஏறக்குறைய 1,000 வாட்-மணியை அச்சமின்றி எடுக்கலாம். ஈயக் கலம் மீண்டும் நிறைய ஒரு முழு இரவாகும். லித்தியம் மூன்று நான்கு மணியில் நிறையும். ஒரே நாளில் இருமுறை மின்சாரம் நிற்கும் இடத்தில் ஈயக் கலம் அரைகுறையாகவே நின்று கெட்டுப்போவதன் காரணம் இதுவே.

எனினும் லித்தியத்தின் பெருமையாக விளம்பரங்கள் முழங்குவது, 4,000 முறை ஏற்றி இறக்கலாம் என்பதையே. வாரம் இருமுறை மின்சாரம் நின்று, ஒவ்வொரு முறையும் கலத்தில் பாதி செலவாகும் ஒரு வீட்டில், ஆண்டுக்கு 52 முழுச் சுற்றுகளே ஆகும். அக்கணக்கில் 4,000 சுற்று தீர ஏறக்குறைய எழுபத்தேழு ஆண்டு செல்லும்! பேரன் காலத்திலும் தீராத அச்சுற்றுகளுக்கு இன்று பணம் கொடுப்பானேன்? சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் கலம் மூப்படைகிறது. முழு மின்னேற்றத்திலும் வெப்பத்திலும் வைத்திருந்தால் இன்னும் விரைந்து மூப்படைகிறது. ஆகவே, இடையிடையே மட்டும் மின்தடை நேரும் வீட்டார் சுற்றுகளை எண்ணாமல் உத்தரவாத ஆண்டுகளை எண்ண வேண்டும். ஈயக் கலம் ஐந்தாறு ஆண்டு. லித்தியம் பத்தாண்டு எனில், பயன்படும் வாட்-மணிக்கு இருமடங்கு விலைவரை லித்தியம் ஏற்புடையதே. அதற்கு மேற்பட்டால் பழைய கலமே போதும்.

நிகர அளவீட்டு முறையில் மின்வாரியத்துடன் கணக்கு வைத்துள்ளோர்க்கு இது இன்னும் பொருந்தும். அவர்தம் பகற்பொழுது மிகுதி மின்சாரம் வாரியத்தின் கணக்கில் வரவாகிறது. அதையே வீட்டுக் கலத்தில் அடைப்பதால் தனி இலாபம் இல்லை. நாள்தோறும் வெட்டு நேரும் புறநகர் வீடுகள், கம்பியே எட்டாத தோட்ட வீடுகள், மூச்சுக் கருவியை நம்பியுள்ள நோயாளர் உள்ள இல்லங்கள் ஆகியவற்றுக்கே பெரிய லித்தியம் கலம் தகும்.

மற்றையோர் செலவைக் கலத்தில் தொடங்காமல் விசிறியில் தொடங்குவது மேல். பழைய விசிறி 75 வாட் உண்கிறது, கடைகளில் பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை ஏறத்தாழ 30 வாட். மூன்று விசிறி, 9 வாட் விளக்கு ஐந்து, இணையக் கருவி ஒன்று என்ற வீட்டில், தேவை 285 வாட்டிலிருந்து 150 வாட்டாகக் குறையும். முன்சொன்ன 100 ஆம்பியர்-மணிக் கலம், இன்வெர்ட்டரின் இழப்புப் போக, மூன்று மணிக்குப் பதிலாக ஐந்து மணிக்கு மேலாக உழைக்கும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் லித்தியம் என்ற சொல்லோடு திருப்தி அடைதல் கூடாது. இரும்பு பாஸ்பேட் வகையா என்று கேட்டறிய வேண்டும். கோபால்ட், நிக்கல் கலந்த வகைகளைவிட அது தீப்பற்றும் அபாயம் குறைந்தது. மின்வண்டிகளில் உழைத்துக் களைத்த கலங்களைப் புதுப் பெட்டியில் அடைத்து மலிவாக விற்றால், விலையைக் கண்டு மயங்குதல் ஆகாது. பழைய இன்வெர்ட்டர் ஈயக் கலத்துக்கென அமைந்த மின்னழுத்தத்தில் ஏற்றும். லித்தியத்துக்கு மாற்றியமைக்க இயலுமா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். புனேயின் ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ்க் கலத்தை வைப்பது அதன் ஆயுளைத் தானே அறுப்பதாகும்.

மாற்றப்படும் பழைய ஈயக் கலத்தைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் போடுதல் தகாது. அதைத் திறந்தவெளியில் உருக்கும் பட்டறையருகே வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்கிறது. 2022 ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. புதுக் கலம் வாங்கும் அன்றே பழையதைக் கடையில் ஒப்படைத்து, இரசீது பெறலாம்.