எண்ணிக்கை சரி, எழுத்து?

பழைய மெயில் சர்வரை அணைக்கும் நாளில் எல்லா அலுவலகங்களிலும் ஒரே வாக்கியம்தான் உச்சரிக்கப்படுகிறது: ‘எல்லாம் புதுசுக்கு வந்தாச்சு.’ இதை நான் நம்பத் தயாராக இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபரில் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வாக்கியத்தை இன்னும் பல இடங்களில் கேட்கப்போகிறோம்.

நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு லெட்ஜரிலிருந்து மறு லெட்ஜருக்குப் போவது பாக்கித்தொகை மட்டுமே என்பது எனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்ற கதை பழைய ஏட்டில்தான் கிடக்கும். வங்கியேட்டின் நகலைச் சாட்சியமாக ஏற்க 1891லேயே சட்டம் வந்தது. 2000இல் கம்ப்யூட்டர் பதிவுகளையும் அதில் சேர்த்தார்கள். கடனுக்கு இவ்வளவு மரியாதை. கடிதத்துக்கு?

சர்வரை ஓய்வுபெறச் செய்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. வரும் தபாலைப் புதிய முகவரிக்குத் திருப்புகிறார்கள். ஏதாவது ஒரு ஸ்கேனர் இன்னும் பழையதன் வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று பதிவுகளில் தேடுகிறார்கள். சில வாரம் அணைத்துவைத்துப் பார்க்கிறார்கள். பிறகு டிஸ்க்கைத் துடைக்கிறார்கள். நியாயமான காரியங்கள். ஆனால் எந்தக் கட்டத்திலும் எவரும் ஒரு கடிதத்தைத் திறந்து வாசிப்பதில்லை. எண்ணுகிறார்கள்.

தமிழ்க் கடிதம் சாவது இங்கேதான். யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. பழக்கத்துக்கு வரப் பல வருஷங்கள் ஆயின. அதுவரை திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப், இவை போதாதென்று ஃபாண்டுக்கு ஃபாண்டு ஒரு தனி ஏற்பாடு. ஒரே ‘க’வுக்கு ஊருக்கொரு எண். எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை அநேகக் கடிதங்கள் சொல்வதில்லை. சில, ஐரோப்பிய எழுத்து என்று பொய் சொல்லும். இடம் மாறும்போது இரண்டில் ஒன்று நேர்கிறது. எண்கள் அப்படியே வந்து, திரையில் மட்டும் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரியலாம். இதற்கு வைத்தியம் உண்டு. அல்லது, மாற்றும் நிரல் தனக்குப் புரியாத இடத்திலெல்லாம் கேள்விக்குறி போட்டிருக்கலாம். இதற்கு வைத்தியம் இல்லை. கணக்கில் இரண்டுமே ‘ஒரு கடிதம்.’

பழைய மெயில் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வெண்டி கோப் என்ற ஆங்கிலக் கவியின் காகிதங்களை பிரிட்டிஷ் நூலகம் 2011இல் விலைக்கு வாங்கியபோது அதில் சுமார் 40,000 மின்னஞ்சல்கள் இருந்தன. நாமோ, எழுத்தாளனின் கடிதங்கள் போய்விட்டன என்று கட்டுரை எழுதிப் புலம்புவோம். அவை கிடக்கும் மெஷினைப் பற்றிப் பேசுவது நம் அந்தஸ்துக்குக் குறைவு. இலக்கியவாதிக்கு இது எஞ்சினீயர் வேலை. எஞ்சினீயருக்குத் தமிழ் அவர் வேலை இல்லை. இடையில் டிஸ்க் துடைக்கப்பட்டுவிடுகிறது.

நான் கேட்பது சொற்பம். துடைக்குமுன், ஒவ்வொரு பெட்டியிலும் வருஷத்துக்குப் பத்துத் தமிழ்க் கடிதங்களைப் பழையதிலும் புதியதிலும் திறந்து, தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கட்டும். கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் கோப்பாக மட்டுமின்றி, எந்த மெஷினும் படிக்கும் சாதாரண எழுத்துக்கோப்பாகவும் ஒரு பிரதி எடுக்கட்டும். எண்களை மாற்றாமல், வந்தபடியே.

குமாஸ்தாகூட ஏட்டை மூடிக் கையெழுத்திடுமுன் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்க்கிறான்.